சாட்டைச் சத்தத்தைக் குறைக்காதீர்கள்

தமிழ்நாட்டில் திரைப்படச் சங்கங்கள் நடத்தும் நண்பர்களுக்கு,

வணக்கம்.

உங்களில் சிலருக்கு என்னைப் பார்த்த ஞாபகம் இருக்கலாம். படம் தொடங்குவதற்கு முன்னால் ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்துவிட்டு, அதற்கேற்ற மாதிரி நாற்காலியை நகர்த்திப் போட்டு உட்காருகிற ஆள் நான்தான். டப்பிங், ரீரெக்கார்டிங் கூடங்களில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன். கதவு சாத்துகிற சத்தம், வளையல் சத்தம், ஈரத்துணியை உதறுகிற சத்தம், இவையெல்லாம்தான் எனக்குச் சோறு போட்டன. அதனால் இந்த மடல் முழுக்கக் காதுப் பக்கமாகவே சாய்ந்திருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு சங்கத்தில் வங்காள இயக்குநர் ரித்விக் கட்டக்கின் 'மேகே டாக்கா தாரா' போட்டார்கள். 1960-இல் வந்த படம். எந்த ஊர், எந்தச் சங்கம் என்பதெல்லாம் வேண்டாம். கதாநாயகி நீத்தா, தான் நம்பிக் காத்திருந்த சனத்தின் வீட்டுக்குப் போகிறாள். உள்ளே இன்னொருத்தி இருக்கிறாள் என்று புரிந்துவிடுகிறது. ஒன்றும் பேசாமல் படியிறங்குகிறாள். அப்போது ஒரு சாட்டையடி கேட்கிறது. திரையில் சாட்டையும் இல்லை, அடிப்பவனும் இல்லை. அவள் முகமும் அந்தச் சத்தமும்தான்.

மடிக்கணினிப் பக்கம் உட்கார்ந்திருந்த தம்பி பதறிப்போய் வால்யூமைக் குறைத்துவிட்டார். பிரதி கெட்டுப்போயிருக்கிறது என்று நினைத்திருக்கிறார். அவரைக் குறை சொல்லமாட்டேன். முதல் தடவை கேட்டபோது நானும் மிக்சிங்கில் யாரோ கோட்டை விட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். படம் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "அப்படியா சார், வேணும்னே வெச்சதா அது?" என்றார்.

வேணும்னே வெச்சதுதான். அந்த 'வேணும்னே'வைப் பற்றித்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

வங்காளத்தின் மூன்று பெரிய இயக்குநர்களின் நூற்றாண்டுகள் வரிசையாக வந்துபோயின. சத்யஜித் ரேக்கு 2021, மிருணாள் சென்னுக்கு 2023, கட்டக்குக்கு 2025. மூவருக்கும் நீங்கள் படம் போட்டீர்கள், பேசினீர்கள், நானும் வந்து கேட்டேன். ஆனால் எங்கே போனாலும் அறிமுக உரை ஒரே மாதிரிதான் இருந்தது. ரே என்றால் மனிதநேயம், கட்டக் என்றால் பிரிவினை, சென் என்றால் அரசியல். மருந்துக் கடையில் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டுவது மாதிரி. இவற்றில் எதுவும் பொய்யில்லை. ஆனால் அந்த லேபிள்களை மட்டும் கேட்டுவிட்டு உட்காருகிறவர், கதை என்ன, கருத்து என்ன என்று தேடுவார். படம் எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்பது அவர் காதில் விழாமலே போய்விடும்.

ரேயின் 'பதேர் பாஞ்சாலி'யையே எடுத்துக்கொள்வோம், நீங்கள் எல்லோரும் வருடத்துக்கு ஒரு தடவையாவது போடுகிற படம். நாணல் காட்டுக்குள் ரயில் போவதைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். அதற்குக் கொஞ்சம் முன்னால், சிறுமி துர்கா தந்திக் கம்பத்தில் காதை வைத்துக் கேட்கிறாளே, அதை யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அந்தக் கம்பம் 'ங்ங்ங்' என்று ரீங்கரிக்கிறது. தொலைவில் இருக்கிற உலகம் அந்தக் குழந்தைகளுக்கு முதலில் சத்தமாகத்தான் வருகிறது. கண்ணில் படுவது அதற்கப்புறம்தான்.

அப்புறம் துர்காவின் சாவு. ஊர் திரும்பிய அப்பா ஹரிஹர் ஒன்றும் தெரியாமல் பைக்குள்ளிருந்து ஒவ்வொரு பொருளாக எடுத்துக் காட்டுகிறார். கடைசியில் மகளுக்கு வாங்கிவந்த சேலை. அம்மா சர்பஜயாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. வாய் திறக்கிறது, உடம்பு குலுங்குகிறது, ஆனால் நமக்கு அவள் குரல் கேட்பதில்லை. தார்-ஷெனாய் கேட்கிறது. வில்லால் வாசிக்கிற எஸ்ராஜில் குழல் பொருத்திய வாத்தியம் அது. வாசித்தவர் தக்ஷிணாமோகன் தாகூர். படத்துக்கு இசை ரவிசங்கர். என் தொழிலில் இருந்து பார்த்தால் இது பெரிய துணிச்சல். ஒரு நடிகை உயிரைக் கொடுத்து அழுதிருப்பார். அந்த டிராக்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு வாத்தியத்தை வைக்க வேண்டுமென்றால், பார்வையாளர் தன் வீட்டு ஒப்பாரியைத் தானே அதில் நிரப்பிக்கொள்வார் என்ற நம்பிக்கை இருக்க வேண்டும். 1955-இல், முதல் படத்திலேயே, அந்த நம்பிக்கை ரேக்கு இருந்தது.

கட்டக் நேர் எதிர்ப் பக்கம். அவர் குரலை எடுப்பவரில்லை, மேலே மேலே கூட்டுகிறவர். அதே 'மேகே டாக்கா தாரா'வில் நீத்தாவும் சனத்தும் பேசிக்கொண்டிருப்பதை அம்மா அடுப்படியிலிருந்து பார்க்கிறாள். இந்தப் பெண் கல்யாணம் ஆகிப் போய்விட்டால் குடும்பத்துக்குச் சம்பளம் யார் கொண்டுவருவார்கள் என்பது அவள் பயம். அதை அவள் வாயால் சொல்வதில்லை. அடுப்பில் கொதிக்கிற சத்தம் ஏறிக்கொண்டே போகிறது, சாதாரண சமையலறையில் கேட்கவே முடியாத அளவுக்கு. எங்கள் கூடத்தில் இப்படி ஒரு எஃபெக்ட்ஸை யாராவது வைத்திருந்தால் இயக்குநர் எழுந்துவந்து திட்டியிருப்பார். இங்கே இயக்குநரே வைத்திருக்கிறார்.

இந்த இடத்தில் ஒரு பழைய தப்பபிப்பிராயத்தைக் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். கலைப்படம் என்றால் அடங்கிய குரல், அளந்த நடிப்பு, அழுகையே இல்லாதது என்று நம் சங்கங்களில் ஒரு எண்ணம் ஊறிக் கிடக்கிறது. அதனால் புது உறுப்பினருக்கு ரேயை முதலில் காட்டுவோம், 'பழகின பிறகு' கட்டக்கைக் காட்டுவோம். நான் மாற்றிச் செய்யச் சொல்வேன். இந்திய மக்கள் நாடக மன்றத்திலிருந்து வந்தவர் கட்டக். மெலோடிராமா அவருக்குக் கூச்சமான விஷயமே இல்லை. 'சுபர்ணரேகா'வில் குடித்துவிட்டுக் கல்கத்தாவில் ஒரு பெண்ணின் அறைக்குள் நுழைகிற ஈஷ்வர், அவள் தான் வளர்த்த தங்கை சீதா என்று பார்க்கிறான். அவள் அரிவாள்மனையை எடுத்துத் தன்னையே முடித்துக்கொள்கிறாள். இவ்வளவு பெரிய தற்செயலை நம்ப முடியவில்லை என்று அன்றைக்குச் சொன்னவர்கள் உண்டு. நம் ஊர்ப் பார்வையாளருக்கு அது இடிக்காது. தெருக்கூத்தும் கண்ணகி கதையும் சிவாஜி படமும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஊழ் இப்படித்தான் வந்து கதவைத் தட்டும் என்று தெரியும். கட்டக்குக்கு நாம் பழக வேண்டியதில்லை, ஏற்கெனவே பழகித்தான் இருக்கிறோம். பிறகு ஏன் விலகி நிற்கிறோம் என்றால், படம் நம்மிடம் ஆங்கிலம் வழியாக வருகிறது.

இனிமேல்தான் என் வழக்கு தொடங்குகிறது.

என்னிடம் நல்லூழாக ஒரு நண்பர் வந்து சேர்ந்தார். கல்கத்தாவிலிருந்து வந்து எங்கள் கூடத்தில் சில காலம் வேலை பார்த்தவர். அவருடைய தாத்தா பாட்டி டாக்கா பக்கத்துக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அறையில் உட்கார்ந்து கட்டக் படங்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். ஆங்கில சப்டைட்டிலில் ஒன்று வரும், அவர் வேறு ஒன்று சொல்வார். நான் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்வேன்.

முதலில் குறித்த சொல் 'தேஷ்'. எழுத்தில் 'தேசம்'தான். ஆனால் ஒரு வங்காளி இன்னொருவரிடம் உங்கள் தேஷ் எது என்று கேட்டால், எந்த நாட்டுப் பிரஜை என்று கேட்கவில்லை. 'உங்களுக்கு எந்த ஊர்?' என்று கேட்கிறார். பாட்டன் வீடு, குளம், குலதெய்வம் எல்லாம் இருக்கிற ஊர். 'சுபர்ணரேகா'வின் தொடக்கத்தில் அகதிகள் காலனியில் எந்த ஜில்லா என்று கேட்டுத்தான் ஆளைச் சேர்க்கிறார்கள், விலக்குகிறார்கள். எல்லாம் இழந்து வந்த இடத்திலும் ஜில்லாவும் சாதியும் கூடவே வந்துவிட்டன. ஆங்கிலத்தில் அந்த 'தேஷ்' நாடாகவோ வீடாகவோ ஆகிவிடும். நாடு என்று போட்டால் அரசியல் வசனம் மாதிரி இருக்கிறது, வீடு என்று போட்டால் நாலு சுவராகச் சுருங்கிவிடுகிறது. தமிழில் 'ஊர்' என்று இரண்டெழுத்தில் முடிகிற வேலை.

'கோமல் காந்தார்' படத்தில் (1961) ஒரு நாடகக் குழு பத்மா ஆற்றங்கரைக்கு வருகிறது. பிருகுவும் அனசூயாவும் கரையில் நிற்கிறார்கள். எதிர்க்கரை கண்ணுக்குத் தெரிகிறது, அங்கேதான் அவன் ஊர், ஆனால் அது இப்போது வேறு நாடு. பின்னால் ஒரு ரயில் பாதை. ஒரு காலத்தில் இணைத்த பாதை, இன்றைக்குப் பாதியில் ஒரு முட்டுக்கட்டையோடு நின்றுபோயிருக்கிறது. சட்டென்று கேமரா அந்தத் தண்டவாளத்தின் மேல் ஓடத் தொடங்குகிறது. வேகம் ஏற ஏறப் பின்னணியில் 'தோஹாய் ஆலி, தோஹாய் ஆலி' என்ற கூவல் உச்சத்துக்குப் போகிறது. முட்டுக்கட்டை வந்ததும் திரை கறுத்துவிடுகிறது. பிரிவினையைப் பற்றிப் புத்தகம் புத்தகமாகப் படித்திருக்கிறேன். ஒரு கோடு ஒரு உடம்பில் மோதினால் எப்படி இருக்கும் என்று அந்தச் சில நொடிகளில்தான் எனக்குத் தெரிந்தது. நான் பார்த்த பிரதியில் அந்தக் கூவலுக்கு சப்டைட்டில் இல்லை. முஸ்லிம்கள் போற்றும் ஆலியின் பெயரால் காப்பாற்றச் சொல்லி மன்றாடுகிற குரல் என்று என் நண்பர் சொன்னார். படத்தில் பேசுகிறவர்களோ இந்துக்கள். ஆற்றின் இரண்டு கரைக்கும் பொதுவான குரல் எது என்பதை கட்டக் எவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார் பாருங்கள். சப்டைட்டில் போட்டவர் அதைச் சும்மா சத்தம் என்று விட்டுவிட்டார்.

பாட்டுக்கும் இதே கதிதான். பாட்டு வந்தால் கீழே வரி காலியாகிவிடும். ஒரு தடவை என் பக்கத்தில் இருந்தவர் "பாட்டுதானே" என்று சொல்லிவிட்டு வெளியே போய்ச் சிகரெட் பிடித்துவிட்டு வந்தார். அவர் தவறவிட்டது எது தெரியுமா? தாகூரின் பாட்டு. புயலில் என் கதவுகள் உடைந்துபோன இரவில் நீ என் வீட்டுக்குள் வந்தாய் என்று தெரியவே இல்லை என்று தொடங்கும். நீத்தாவும் அண்ணன் சங்கரும் இருட்டறையில் உட்கார்ந்து பாடுகிறார்கள். பாட்டின் முடிவில் மறுபடியும் அந்தச் சாட்டை. படியில் விழுந்ததன் எதிரொலி. முதல் அடி துரோகத்துக்கு என்றால் இரண்டாவது எதற்கு என்று நான் இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பாட்டின் பொருள் தெரியாதவருக்கு அந்தக் கேள்வியே வராது.

அதே படத்தில் இன்னொரு பாட்டு, உமாவைத் தாய் மடிக்கு அழைக்கும் பாட்டு. வங்காளத்தில் துர்கா பூஜை என்பது மகள் பிறந்த வீட்டுக்கு வருகிற விசேஷம். சில நாள் இருந்துவிட்டு உமா கைலாசத்துக்குத் திரும்பிப் போவாள், தாய் மேனகை அழுவாள். அந்தப் பாட்டுகளைக் கேட்டு வளராத வங்காளி கிடையாது. கட்டக் அதை எங்கே வைக்கிறார் என்றால், காசநோய் முற்றிய நீத்தா மழையில் வீட்டைவிட்டு வெளியேறுகிற இடத்தில். துர்கையின் இன்னொரு வடிவமான ஜகத்தாத்ரியின் பூஜை அன்று பிறந்தவள் என்று ஏற்கெனவே ஒரு வசனம் வந்துவிட்டது. நம் அரங்கில் உட்கார்ந்திருப்பவர் பார்ப்பது, நோயாளிப் பெண் ஒருத்தி மழையில் போகிறாள், பின்னணியில் ஏதோ நாட்டுப்பாட்டு. கல்கத்தாக்காரர் பார்ப்பது, தெய்வத்தை வீட்டார் ஆற்றில் கரைக்கிறார்கள்.

இந்தப் படத்தில் நமக்கென்றே ஒரு புதையல் இருக்கிறது, அதையும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சங்கர் பாடுகிற 'லாகீ லகன்' ஹம்சத்வனி. ராமசாமி தீட்சிதர் உருவாக்கியதாகச் சொல்லப்படும் ராகம், 'வாதாபி கணபதிம்' வழியாக நம் வீட்டுக் கல்யாணக் கச்சேரி வரை வந்த ராகம். அது வடக்கே போனது. பெண்டி பஜார் கரானா என்ற இசைப் பரம்பரையின் அமான் அலி கான் அதில் இந்தப் பாட்டை அமைத்தார். படத்தில் சங்கருக்காகப் பாடியவர் ஏ. டி. கானன். கல்கத்தாவில் பெயர்பெற்ற இந்துஸ்தானிப் பாடகர், பிறந்தது சென்னையில். ஊரை இழந்தவர்களைப் பற்றிய படத்தில் ஊர்விட்டு ஊர் போன ஒரு ராகத்தை ஊர்விட்டு ஊர் போன ஒருவர் பாடியிருக்கிறார். கட்டக் அப்படி யோசித்துத்தான் வைத்தாரா என்றால் அதற்கு என்னிடம் சாட்சியம் இல்லை. ஆனால் மயிலாப்பூரிலோ மதுரையிலோ உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்க்கிற ஒரு மாமி, அந்த ஆலாபனை தொடங்கியதும் நிமிர்ந்து உட்காருவதை நான் பார்த்திருக்கிறேன்.

சில சொற்கள் தமிழில் நம்மை ஏமாற்றவும் செய்யும், அதையும் ஒப்புக்கொள்கிறேன். வங்காளியில் 'அபிமான்' என்றால் நமக்கு வேண்டியவர்கள் புரிந்துகொள்ளவில்லையே என்று மனசுக்குள் வைத்துக்கொள்ளும் தாங்கல். ரேயின் 'சாருலதா' முழுக்க அதுதான் ஓடுகிறது. தமிழில் அபிமானம் என்றால் நடிகர்மேல் வருவது. அவசரத்தில் ஒருவர் அப்படியே போட்டுவிட்டால் படம் கந்தல். 'மேகே டாக்கா தாரா'வின் கடைசியில் ஷில்லாங் மலையில் நீத்தா கதறுகிற வரியும் அப்படித்தான். 'தாதா, ஆமி பாஞ்ச்தே சேயேசிலாம்.' தாதா என்றால் அண்ணன். வாழ ஆசைப்பட்டேன் என்பதா, பிழைக்க ஆசைப்பட்டேன் என்பதா? சாகக் கிடக்கிற நோயாளி பிழைக்க வேண்டும். குடும்பத்துக்காகப் பிழைத்துப் பிழைத்தே தேய்ந்தவளோ ஒருநாளாவது வாழ வேண்டும். எனக்கு 'வாழ' என்பது சரியாகப் படுகிறது, என் நண்பருக்குத் தமிழ் கொஞ்சம் தெரிந்தபின் 'பிழைக்க' என்றார். ஒரு மாலை முழுக்கச் சண்டை போட்டோம். ஆங்கிலத்தில் படித்தவரை அந்தச் சண்டையே எங்களுக்கு வந்ததில்லை.

சம்பாதிக்கிற மகள், அவள் சம்பளத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற வீடு என்றதும் நம்மவர்களுக்கு 'அவள் ஒரு தொடர்கதை' நினைவுக்கு வரும். எது எதிலிருந்து வந்தது என்ற வழக்குக்கு நான் வரவில்லை. வங்காளத்திலேயே இந்தக் கதை திரும்பத் திரும்ப வந்தது. ரேயின் 'மகாநகர்' (1963) வீடுவீடாகப் போய்ப் பின்னல் எந்திரம் விற்கிற ஆரதியைக் காட்டியது. சென்னின் 'ஏக் தின் பிரதிதின்' (1979) வேலைக்குப் போன மகள் ஒரு ராத்திரி வீடு திரும்பவில்லை என்றால் தெருவே என்ன பேசும் என்று காட்டியது. எங்கே போயிருந்தாள் என்பதைக் கடைசிவரை சொல்லவில்லை. 'மேகே டாக்கா தாரா'வையும் சேர்த்து இந்த மூன்றையும் மூன்று மாதம் தொடர்ந்து போட்டுப் பாருங்கள். கலந்துரையாடலில் பெண்கள் பேசத் தொடங்கினால் நிறுத்தமாட்டார்கள், நிறுத்தவும் வேண்டாம்.

மிருணாள் சென்னைப் பற்றி நாம் அரசியல் அரசியல் என்றே பேசித் தீர்த்துவிட்டோம். அவர் கல்கத்தா ஸ்டூடியோவில் ஒலிப் பிரிவில் வேலை பார்த்தவர் என்பது எனக்கு அந்தரங்கமான ஒரு பெருமை. 'இன்டர்வியூ' (1971) படத்தில் டிராமில் போகிற நடிகர் ரஞ்சித் மல்லிக் திடீரென்று நம் பக்கம் திரும்பி, என் பெயர் ரஞ்சித் மல்லிக், மிருணாள் சென் என்பவர் கேமராவோடு என்னைத் துரத்திக்கொண்டு வருகிறார் என்று சொல்கிறார். கேமராவோடு ஒளிப்பதிவாளர் கே. கே. மகாஜனும் திரையில் வந்துவிடுகிறார். இதை எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்ல விரும்புவது 'காரிஜ்' (1982). பாலான் என்ற வேலைக்காரச் சிறுவன் குளிருக்குப் பயந்து அடுப்படியில் படுக்கிறான். நிலக்கரி அடுப்பின் புகை வெளியேற வழியில்லை. காலையில் பிணம். நடுத்தர வர்க்கத்து எஜமானரும் மனைவியும் படம் முழுக்கப் பயந்துகொண்டே இருக்கிறார்கள், போலீஸுக்கு, அக்கம்பக்கத்துக்கு, எல்லாவற்றையும் விடப் பையனின் அப்பாவுக்கு. தகனம் முடிந்து அந்த மனிதர் எஜமானர் எதிரே வந்து நிற்கிறார். இப்போது ஒரு அறை விழும் என்று நாமும் காத்திருக்கிறோம், விழட்டும் என்றுகூட ஆசைப்படுகிறோம். அவர் கைகூப்பி, வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்.

கட்டக் இல்லாத சாட்டையை ஒலிக்க வைத்தார், சென் விழ வேண்டிய அறையை விழாமல் வைத்தார். இந்த இரண்டையும் ஒரே நாளில், காலையும் மாலையுமாக, நீங்கள் ஏன் போடக் கூடாது? 'ரே பெரியவரா கட்டக் பெரியவரா' என்ற பட்டிமன்றத்தை விட இது நூறு மடங்கு உருப்படியான காரியம்.

பஞ்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1943-இன் வங்காளப் பஞ்சத்தில் சுமார் 30 லட்சம் பேர் வரை இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். இந்த இயக்குநர்கள் எல்லோருக்கும் அது இளமையில் கண்ணால் பார்த்த விஷயம். ரேயின் 'அஷனி சங்கேத்' (1973) வண்ணப்படம், வயல்கள் பச்சைப் பசேலென்று இருக்கின்றன. பஞ்சப் படத்துக்கு இவ்வளவு அழகா என்று திட்டியவர்கள் உண்டு. அந்தத் திட்டு எனக்குச் சரியாகப் படவில்லை. வயல் காய்ந்து வந்த பஞ்சம் இல்லையே அது. படத் தொடக்கத்தில் ஆற்றில் இருக்கிற பெண் அண்ணாந்து பார்க்கிறாள், போர் விமானங்கள் மேலே போகின்றன. அந்த இரைச்சல், அதாவது போர்தான் காரணம். ஊரில் யாருக்கும் அது தெரியாது, கேட்பவருக்கு மட்டும் தெரியும்.

இந்த மூவருக்கும் பிறகு வந்தவர்களை நான் அவசரமாகக் கடக்கிறேன். அபர்ணா சென், புத்ததேவ் தாஸ்குப்தா, ரிதுபர்ணோ கோஷ் பற்றியெல்லாம் உங்களில் பலர் என்னைவிட நன்றாகப் பேசுவார்கள். வரவேற்பறைக்குள்ளேயே ரிதுபர்ணோவின் படங்கள் அடைந்துகிடப்பதாக ஒரு புகார் இருக்கிறது, எனக்கும் அதில் பாதி உடன்பாடு. ஆனால் ஒரு படத்தை விடமாட்டேன். ஆதித்ய விக்ரம் சென்குப்தாவின் 'ஆஷா ஜாவார் மாஜே' (2014). கணவனுக்கு அச்சகத்தில் ராத்திரி வேலை, மனைவிக்குப் பகல் வேலை. ஒரே வீடு, ஒரே கட்டில், ஆனால் இருவரும் பார்த்துக்கொள்வது சில நிமிடம். அவர்கள் பேசுகிற வசனம் ஒன்றுகூடக் கிடையாது. எண்ணெயில் மீன் பொரிகிறது, டிராம் போகிறது, தெருவில் கோஷம் கேட்கிறது. அந்த எண்ணெய்ச் சத்தம் கட்டக்கின் அடுப்படியிலிருந்து வருகிற மாதிரி எனக்கு இருக்கும். சப்டைட்டிலே தேவைப்படாத இந்தப் படத்தை ஒரு தொடரின் முதல் படமாக வையுங்கள். ஒன்றரை மணி நேரம் காதால் படம் பார்த்தவர்களுக்கு அடுத்த வாரம் சாட்டை கேட்டால் யாரும் வால்யூமில் கைவைக்க மாட்டார்கள். ஒரே ஒரு வேண்டுகோள், அன்றைக்கு மட்டும் கடகடக்கிற அந்த மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

தமிழ் சப்டைட்டில் வேண்டும், பாட்டுகளுக்கும் சேர்த்து. உரிமை வைத்திருப்பவர்களிடம் முறைப்படி கேட்டுத்தான். இது ஆகாத காரியம் இல்லை. நம் தாத்தாக்கள் வங்காள நாவல்களை ஆங்கிலத்தில் படிக்கவில்லை. த. நா. குமாரசாமி நேராக வங்காளியிலிருந்து கொண்டுவந்தார். சு. கிருஷ்ணமூர்த்தி 'நீலகண்டப் பறவையைத் தேடி'யைத் தமிழில் தந்தார், அதுவும் கிழக்கு வங்காளத்தை இழந்தவர்களின் கதைதான். ஒரு முழு நாவலைத் தனி ஆளாக மொழிபெயர்த்தவர்கள் இருந்த ஊரில், ஒரு படத்தின் சில நூறு வரிகளுக்கு ஆள் கிடைக்காதா? கிழக்கு வங்காளத்துப் பேச்சும் கல்கத்தாப் பேச்சும் இந்தப் படங்களில் மாறி மாறி வரும். அகதிக் குடும்பத்து அம்மா ஒரு மாதிரி பேசுவாள், கல்லூரியில் படித்த மகன் வேறு மாதிரி பேசுவான். எல்லோர் வாயிலும் ஒரே செய்தித்தாள் தமிழைத் திணித்துவிடாதீர்கள். வட்டார வழக்கில் எழுதத் தெரிந்த கதாசிரியர்கள் உங்கள் கூட்டத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களைப் பிடியுங்கள்.

அடுத்தது ஒலி. கல்யாண மண்டபத்து மைக் செட்டில் படம் போடாதீர்கள். எதிரொலி கூட்டுகிற பொத்தான், பாஸ் கூட்டுகிற பொத்தான் இரண்டையும் அணைத்துவிடுங்கள். இவை மோனோ படங்கள், ஒரே டிராக்கில் எல்லாம் அடுக்கப்பட்டிருக்கும். அதை அகலப்படுத்துகிறேன் என்று எதையாவது தட்டினால் வசனம் குகைக்குள்ளிருந்து வரும். திரைக்குக் கீழே ஒரு நல்ல ஸ்பீக்கர் போதும். படம் தொடங்குமுன் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்து, கடைசி வரிசையில் போய் நின்று கேளுங்கள்.

இன்னொன்று ஆசை, கோரிக்கை என்றுகூடச் சொல்ல முடியாது. கட்டக் 1960-களின் நடுவில் புனே திரைப்படக் கல்லூரியில் பாடம் நடத்தினார். அவரிடம் படித்த ஜான் ஆபிரகாம்தான் 1977-இல் தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்தார். குருவின் படத்தையும் சீடரின் படத்தையும் அடுத்தடுத்து ஒரு தடவை பார்க்க எனக்கு இன்னும் வாய்க்கவில்லை. உங்களால்தான் முடியும். கல்கத்தா ஃபிலிம் சொசைட்டி 1947-இல் தொடங்கியது. 1959-இல் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானபோது ரேதான் அதன் முதல் தலைவர், சென்னைச் சங்கமும் அதில் இருந்தது. வங்காளப் படம் போடுவதென்பது உங்களுக்குத் தாய்வீட்டு வேலை.

போன வாரம் ஒரு சங்கத்திலிருந்து குறுஞ்செய்தி வந்தது, 'கோமல் காந்தார்' போடப் போகிறார்களாம். ஸ்பீக்கர் சரிபார்க்க ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிடுகிறேன். பாட்டுகளுக்கு வரி இல்லாத பிரதியாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். நண்பர் சொல்லச் சொல்ல எழுதிய நோட்டுப் புத்தகம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. கையெழுத்து கொஞ்சம் கோணல், யாராவது பக்கத்தில் உட்கார்ந்தால் நான் படித்துச் சொல்கிறேன், தட்டச்சு செய்துவிடலாம்.

அன்புடன்,
ஸ்பீக்கர் பக்கத்து நாற்காலிக்காரன்